தானாக முன்வந்த பயணி

இரும் தம்பி, இரும். எழும்பாதேயும். கையைக் கீழ விடும். கவுண்டரில நிக்கிற அந்தப் பிள்ளை மைக்கில என்ன சொன்னதெண்டு வடிவாக் கேட்டனீரே? பிளேனில இருக்கிற இடத்தைவிட ரிக்கெற் கூட வித்துப்போட்டினமாம். ஆராவது விரும்பி நிண்டால் நானூறு யூரோவுக்கு ஒரு கூப்பனும், நாளைக்குப் பின்னேரம் வேற பிளேனும் தருவினமாம். நானூறு எண்டதும் உமக்குக் கை தானா எழும்பிட்டுது. விளங்குது. படிக்கிற பெடியன், கையில காசு இராது. ஆனால் நான் சொல்லுறதைக் கேட்டுப்போட்டு எழும்பும்.

நீர் இந்தியாத் தமிழ்தானே? எந்த இடம்? ஈரோடோ, நல்லது. நான் யாழ்ப்பாணம். டோர்ட்முண்டுக்கு வந்து முப்பத்திநாலு வருசம். பேர் தில்லைநாதன். என்ர தமிழ் விளங்காட்டில் மறிச்சுக் கேளும், கோவிக்கமாட்டன். கொஞ்சம் கோவிப்பன், பிறகு சொல்லுவன்.

முதல் சட்டத்தைக் கேளும். நீராக் கை தூக்கினால் அது உமக்கும் அவைக்கும் இடையில ஒரு பேச்சு. குடுக்கிறதை வாங்கிக்கொண்டு போகவேண்டியதுதான். நீர் கை தூக்காமல் அவையா உம்மை இறக்கினால் கதை வேற. ஐரோப்பாச் சட்டம் தம்பி. ஆயிரத்தைஞ்ஞூறு கிலோமீற்றருக்கு உள்ள எண்டால் இருநூற்றைம்பது யூரோ, அதுக்கு மேல நானூறு, சரியான தூரமெண்டால் அறுநூறு. கூப்பன் இல்லை, காசு! வெளிக்கிட ரெண்டு கிழமைக்குள்ள, உங்கட ரெண்டு வாரத்துக்குள்ள, பிளேன் இல்லையெண்டு சொன்னாலும் கேக்கலாம். மூண்டு மணித்தியாலம் பிந்திப் போய் இறக்கினாலும் கேக்கலாம். மெசின் பழுதெண்டு சாட்டுச் சொல்லுவாங்கள், அது எடுபடாது. புயலெண்டால் எடுபடும். டோர்ட்முண்டில எங்கட ஆக்கள் ஆரிட்டையும் கேட்டுப் பாரும், 'பிளேன் தில்லை' எண்டால் தெரியும். பதினொரு குடும்பத்துக்கு நான் காசு எடுத்துக் குடுத்திருக்கிறன். பதினொண்டு! ஒரு சதம் வாங்கேல்ல. ஒரு வீட்டில மட்டும் கொத்துரொட்டி தந்தவை, சாப்பிட்டன்.

இதெல்லாம் எப்பிடித் தெரியுமெண்டு கேக்கிறீரோ? கேக்கேல்லையோ. பரவாயில்லை, சொல்லத்தான் போறன். சொல்லாமல் இருந்தால் நானே எழும்பி அந்தக் கவுண்டருக்குப் போயிடுவன். பகிடி இல்லைத் தம்பி. என்ர வலக்கையைப் பாரும், பொக்கற்றுக்குள்ள வைச்சு அமத்திக்கொண்டிருக்கிறன்.

ஒஸ்லோவில எனக்கு ஒரு தங்கச்சி இருக்கிறா, தவமலர். எனக்கு இருக்கிறது அவ ஒருத்திதான். எனக்குக் கலியாணம் கிலியாணம் ஒண்டுமில்லை. வந்த புதுசில கடன், பிறகு தங்கச்சியைக் கூப்பிட்ட செலவு, பிறகு வயசு போச்சு. அது வேற கதை. அவவின்ர புருசன் குணபாலன், எனக்கு மச்சான். ஒஸ்லோவில கிளீனிங் கொம்பனி வைச்சிருக்கிறார், முப்பது பேர் வேலை செய்யினம். அவைக்கு ஒரே ஒரு பிள்ளை, சாருகா.

பதின்மூண்டு வருசத்துக்கு முதல் அந்தப் பிள்ளைக்குச் சாமத்தியவீடு வைச்சவை. நீங்கள் மஞ்சள் நீராட்டு எண்டுவியள் என்ன? அதுதான். எங்கட வழக்கத்தில தாய்மாமன் தேங்காய் உடைச்சு, பாலும் அறுகும் பிள்ளையின்ர தலையில வைச்சுத் தண்ணி வார்க்கவேணும். மாமன் இல்லாமல் அது நடவாது. பிறகு மாமன் வீட்டுச் சீர். வெளிநாட்டில உதெல்லாம் பெரிய எடுப்பு. மண்டபம், ரெண்டு கமரா, மைக் பிடிக்கிறதுக்கு ஒராள். மாமன் சங்கிலி போடேக்க, 'இதோ தாய்மாமன்' எண்டு அவர் மைக்கில சொல்லுவார், முந்நூறு சனம் கை தட்டும்.

நான் அப்ப வேலை இல்லாமல் இருந்தனான். ஒரு இத்தாலிக்காரன்ர ரெஸ்ரோரண்டில பதினாறு வருசம் குசினியில, அடுப்படியில நிண்டனான், அந்த வருசம் மாசி மாசம் அவன் பூட்டிப்போட்டான். சாமத்தியவீடு ஆவணியில. மச்சான் ரெலிபோன் எடுத்தார். எடுத்து என்ன சொன்னார் தெரியுமே? 'தில்லை, நீ ஒண்டும் கொண்டு வரவேண்டாம். உன்ர நிலைமை எங்களுக்குத் தெரியும். ரிக்கெற் நான் போடுறன். நீ வந்து பக்கத்தில நிண்டால் காணும்.'

பாத்தீரே? பாத்தீரே அந்த மனுசன்ர வாயை? 'உன்ர நிலைமை தெரியும்.' எவ்வளவு இளக்காரம்! என்ன, இளக்காரம் இல்லையோ? உமக்கு அப்பிடித் தெரியேல்லையோ? அண்டைக்கு எனக்கு அப்பிடித்தான் கேட்டுது. இப்ப நீர் முழிக்கிற முழியைப் பாத்தால்... சரி, விடும்.

கொதி வந்திட்டுது. 'ஐஞ்சு பவுனில சங்கிலி கொண்டு வாறன், சொல்லி வையுங்கோ' எண்டு சொல்லிப்போட்டு வைச்சிட்டன். ஐஞ்சு பவுன்! வங்கியில என்ர பேரில நூற்றிப்பத்து யூரோ கிடந்தது. வாயைக் குடுத்து மாட்டுப்பட்டன். ரெண்டு மாசம் அங்கயும் இங்கயும் கேட்டன். ஒருத்தரும் தரேல்ல, எப்பிடித் தருவினம், வேலை இல்லாதவனுக்கு. கடைசியில ஒரு சீலைக் கடையில போய்... வெக்கக்கேடு தம்பி, இதை நான் ஒருத்தருக்கும் சொன்னதில்லை. முப்பத்தைஞ்சு யூரோவுக்கு ஒரு கவரிங் சங்கிலி வாங்கினன். தெரிஞ்ச ஒராளிட்ட நல்ல நகைக்கடைப் பெட்டியொண்டு கிடந்தது, சிவப்பு வெல்வெற். அதை வாங்கி அதுக்குள்ள வைச்சன். பாத்தால் அசல் மாதிரித்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானப் பிளேன். இதே எயார்போட்தான். சனிக்கிழமை காலமை பத்தரைக்கு முகூர்த்தம். வேட்டி சால்வையெல்லாம் மடிச்சு வைச்சுக்கொண்டு வந்து இப்பிடி ஒரு கதிரையில இருந்தன். இருக்க இருக்கத்தான் பயம் பிடிச்சுது. மச்சான்ர தமக்கை ஒருத்தி லண்டனில நகைக்கடை வைச்சிருக்கிறா. அவவும் வாறா. அவ சங்கிலியைக் கையில எடுத்து ஒருக்கா நிறை பாத்தால் காணும், பிடிச்சிடுவா. பிடிச்சு ஒண்டும் சொல்லமாட்டா, மச்சானை ஒரு பார்வை பாப்பா. அந்தப் பார்வையை நான் இஞ்ச இருந்துகொண்டே கண்டிட்டன்.

அப்பதான் இதே மாதிரி ஒரு பிள்ளை மைக்கை எடுத்தது. இடம் காணாது, ஆராவது விரும்பி நிக்கிறியளோ, முந்நூறு யூரோவுக்குக் கூப்பன், நாளைக்குப் பின்னேரப் பிளேன். அது முதல் இங்கிலிசில சொன்னது. டொச்சில, அதுதான் ஜேர்மன் பாசையில, சொல்லத் தொடங்க முதல் நான் கையைத் தூக்கிட்டன்.

ஓம் தம்பி. நான்தான் தூக்கினன். ஒருத்தரும் இழுத்து இறக்கேல்ல. அந்தப் பிள்ளை, 'நீங்கள் சரியான நல்லவர்' எண்டு சிரிச்சுது. ஒரு தாள் தந்தது. 'நான் என்ர சொந்த விருப்பத்தில இந்த இடத்தை விட்டுக் குடுக்கிறன்' எண்டு அதில வடிவா அச்சடிச்சிருந்தது. வாசிக்கத் தெரியாமல் ஒப்பம் வைச்சனெண்டு சொல்லமாட்டன். ஒவ்வொரு சொல்லும் விளங்கித்தான் வைச்சன். நாளைக்குப் பின்னேரம் எண்டால் எல்லாம் முடிஞ்சிருக்கும் எண்டதும் விளங்கித்தான் வைச்சன்.

பிறகு தங்கச்சிக்கு ரெலிபோன் எடுத்தன். 'பிள்ளை, என்னை இறக்கிப்போட்டாங்கள். ரிக்கெற்றைக் கூட வித்துப்போட்டு, என்னை வரவேண்டாமெண்டு சொல்லிப்போட்டாங்கள்' எண்டன். நான் பொய் சொல்லுற ஆளில்லை. கொஞ்சம் மாத்திச் சொன்னன், அவ்வளவுதான். இல்லை... இல்லைத் தம்பி, பொய்தான். முழுப் பொய். அவ அழத் தொடங்கிட்டா. மச்சான் போனை வாங்கினார். 'ஆர் அவங்கள் உன்னை இறக்கிறதுக்கு? பொறு, லைனில நில்' எண்டு கொம்பியூட்டரில தட்டினார். ஐஞ்சு நிமிசத்தில, 'கொப்பன்ஹேகனால போற பிளேனில ஒரு இடம் கிடக்கு, நாலு மணிக்கு, போடட்டோ?' எண்டார். நான் என்ன சொன்னன் தெரியுமே? 'பாஸ்போட்டை வாங்கி வைச்சிட்டாங்கள்' எண்டன். நாக்குப் பிரளேல்ல. பாஸ்போட் என்ர சேட்டுப் பொக்கற்றுக்குள்ள கிடந்தது, நெஞ்சில குத்திக்கொண்டு.

சனிக்கிழமை விடியப் போனை நிப்பாட்டி வைப்பமெண்டுதான் நினைச்சன். மனம் கேக்கேல்ல. பத்தே காலுக்குத் தங்கச்சி ஸ்கைப்பில வந்தா. 'அண்ணை, வேட்டியைக் கட்டிக்கொண்டு நில்லுங்கோ. ஐயர் அங்க இருந்தே செய்யலாமெண்டு சொல்லுறார். மச்சான்ர தம்பியை நிப்பாட்டுவமெண்டால் பிள்ளை விடுறாளில்லை. மாமா போனிலயெண்டாலும் நிக்கவேணுமாம்' எண்டா.

என்ர குசினி இவ்வளவுதான், நீர் காலை நீட்டினால் சுவர். ஜன்னலில போனைச் சாத்தி வைச்சன். வேட்டி, சால்வை, திருநீறு. கையில செம்பு. அங்க மேளம் கேக்குது, சனம் இரையுது. பிள்ளை மஞ்சள் சீலையோட பலகையில இருக்கிறா. பன்ரெண்டு வயசு. போனுக்கு நேர பாத்து, 'ஊத்துங்கோ மாமா, நான் தலையைக் குனியிறன்' எண்டா. சொல்லிப்போட்டுக் குனிஞ்சா தம்பி. அந்தப் போனுக்கு முன்னால தலையைக் குனிஞ்சா. தங்கச்சி அங்க வார்க்க, நான் இஞ்ச அந்தத் தண்ணியைப் பாத்திரம் கழுவுற தொட்டிக்குள்ள ஊத்தினன். முதல்நாள் வைச்ச கறிச்சட்டி அதுக்குள்ள கிடந்தது. பிள்ளையின்ர தலையெண்டு நினைச்சு ஊத்தினன்.

இஞ்ச பாரும், இந்த வயசில கண் தானா ஒழுகுது. துடைச்சுப்போட்டு வாறன்.

போன் அதிருது, விடும். பிறகு பாப்பம். வாசிக்கிற கண்ணாடியையும் பெரிய பெட்டிக்குள்ள போட்டு அனுப்பிப்போட்டன்.

எங்க விட்டனான்? ஓம். ரெண்டு வருசம் போச்சு. சங்கிலியைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கேல்ல. நானும் ஒஸ்லோ பக்கம் போகேல்ல. கோடைக்கு அவைதான் என்னட்ட வருவினம். முந்நூறு யூரோக் கூப்பன் அலுமாரிக்குள்ள கிடந்து காலாவதியாப் போச்சு. அதை எடுத்துக்கொண்டு நான் எங்க போறது?

பிள்ளைக்குப் பதினாலு வயசு. ஒருநாள் ரெலிபோன் எடுக்கிறா. 'மாமா, எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில வாங்குறவையின்ர உரிமை எண்டு ஒரு பாடம். உங்களை அண்டைக்கு இறக்கினவை எல்லோ? அது சட்டப்படி பிழை. இருநூற்றைம்பது யூரோ தரவேணும். ஜேர்மனியில மூண்டு வருசத்துக்குள்ள கேக்கலாம்.' நான், 'விடு பிள்ளை, போனது போகட்டும்' எண்டன். விடுவாளே? 'அநியாயம் மாமா. என்ர சாமத்தியவீட்டுக்கு உங்களை வரவிடாமல் பண்ணினவை. நான் விடமாட்டன்' எண்டா. அவ்வளவு கோவம், எனக்காக! வேண்டாமெண்டு மறிச்சால் ஏனெண்டு கேப்பா. நான் என்னத்தைச் சொல்ல? 'சரி, எழுது' எண்டன். எனக்கெண்டு ஒரு ஈமெயிலும் அவதான் திறந்து தந்தா. அதில இருந்துதான் கடிதத்தை அனுப்பினா, பதில் வந்தாலும் அவதான் பாப்பா. அதைத்தான் இண்டைவரைக்கும் போனுக்குக் குடுத்து வைச்சிருக்கிறன். வாசிக்கிறதில்லை. எனக்கு ஆர் எழுதப் போகினம்?

அந்தக் கோடை முழுக்க எனக்கு நித்திரை இல்லை. அவங்கள் தாளைத் தேடி எடுத்தால் முடிஞ்சுது. பிள்ளை இடைக்கிடை எடுப்பா. லீவுக்கு ஸ்ரோபெரி பிடுங்கப் போறாவாம், ஒரு சைக்கிள் வாங்கக் காசு சேக்கிறாவாம். வீடியோவில விரலைக் காட்டுவா, நகமெல்லாம் சிவப்பு. எனக்கு அதொண்டும் மண்டையில ஏறேல்ல. 'பதில் வந்ததோ, பதில் வந்ததோ' எண்டுதான் கேப்பன். ஆவணி முடிய ஒருநாள் எடுத்து, 'மாமா, வெண்டிட்டம்!' எண்டா. 'காசு எனக்கு வந்திட்டுது, உங்கட வங்கிக்குப் போட்டு விடுறன்.' போட்டும் விட்டா. இருநூற்றைம்பது.

எனக்கு நம்ப ஏலாமல் போச்சு. பெரிய கொம்பனி, தாள் எங்கயோ துலைஞ்சு போச்செண்டு நினைச்சன். நல்லூர்க் கந்தன் என்னை மன்னிச்சிட்டான் எண்டும் நினைச்சன். சிரியாதேயும், மெய்யாத்தான் நினைச்சன். தமிழ்க் கடைக்குப் போய் நிண்ட அவ்வளவு பேருக்கும் ரோல்ஸும் தேத்தண்ணியும் வாங்கிக் குடுத்தன். 'என்னை இறக்கினவங்கள், விட்டனே நான்? சட்டத்தால அடிச்சு வாங்கினன்' எண்டு ஒரே புளுகு. அண்டையில இருந்துதான் பிளேன் தில்லை. சனம் வரத் தொடங்கிச்சுது. நானும் சட்டத்தைத் தேடித் தேடிப் படிச்சன். படிக்கப் படிக்க எனக்கே நான் சொன்னது உண்மையெண்டு ஆகிப்போச்சு. 'என்னை இறக்கேக்க' எண்டு தொடங்கேக்க எனக்கு மெய்யாவே கோவம் வரும்.

பிறகு ஒருக்கா அவளிட்டக் கேட்டன், 'என்ன பிள்ளை, சைக்கிள் வாங்கினியோ?' எண்டு. 'இல்லை மாமா, நடக்கிறதுதான் உடம்புக்கு நல்லம்' எண்டா. நான், 'கெட்டிக்காரி' எண்டன். கெட்டிக்காரியாம்! விசரன் நான்.

பத்து வருசம் அப்பிடி ஓடிச்சுது. போன தை மாசம் ஞானசீலன் எண்டு என்னோட வேலை செய்யிற பெடியன் வீட்டுக்குக் கூப்பிட்டான். அவன்ர பிளேனை நிப்பாட்டிப்போட்டாங்கள், கடிதம் எழுதவேணும். அவன்ர மனுசி ஒரு சட்டத்தரணியின்ர, வக்கீலின்ர, கந்தோரில வேலை செய்யிறா, நல்ல டொச்சும் இங்கிலிசும். அவ எழுதுறன் எண்டா. நான் சும்மா இருந்திருக்கலாம். 'முதல் முதல் நான் வெண்ட கடிதம் ஒண்டு கிடக்குத் தங்கச்சி, அதைப் பாத்து எழுதுங்கோ, அப்பிடியே வெட்டினமாதிரி இருக்கும்' எண்டு போனை எடுத்து அவவின்ர கையில குடுத்தன். என்ர கையாலயே குடுத்தன் தம்பி.

அவ தேடி எடுத்தா. முதல் சாருகா எழுதின கடிதம். சத்தமா வாசிச்சா. 'எனது மாமா நேர்மையான மனிதர், அவருக்கு அநியாயம் நடந்துள்ளது.' நான் நெஞ்சை நிமித்திக்கொண்டு இருந்தன். 'பதிலும் கிடக்கு அண்ணை' எண்டு அடுத்ததைத் திறந்தா. நாலு வரி வாசிச்சிருப்பா. நிப்பாட்டிட்டா. ஞானசீலன், 'என்னப்பா, வாசியுமன்' எண்டான். அவ போனைக் கவிட்டு மேசையில வைச்சா. 'அண்ணை, தேத்தண்ணி போடட்டோ?' எண்டு கேட்டுக்கொண்டு குசினிக்குள்ள போயிட்டா. என்ர முகத்தைப் பாக்கேல்ல.

நானே எடுத்து வாசிச்சன். 'மேற்படி பயணி தானாக முன்வந்து தனது இருக்கையை விட்டுக்கொடுத்தார். அதற்கான கூப்பனையும் பெற்றுக்கொண்டார். ஆகவே இழப்பீடு வழங்க இயலாது. அவர் கையெழுத்திட்ட படிவத்தை இணைத்துள்ளோம்.' கீழ என்ர ஒப்பம். தில்லைநாதன் எண்டு வடிவா, முழுப் பேர். பத்து வருசமா அது என்ர பொக்கற்றுக்குள்ளதான் கிடந்திருக்கு. அதைக் காவிக்கொண்டு திரிஞ்சுதான் ஊருக்கெல்லாம் சட்டம் பேசியிருக்கிறன். மானம் கப்பலேறிப் போச்சு. தேத்தண்ணி குடிக்காமல் வெளிக்கிட்டன். ஞானசீலன் கதவடியில நிண்டு, 'அண்ணை, ஜக்கெற்' எண்டு கூப்பிட்டான். அதைக்கூட விட்டிட்டு வந்தன்.

வீட்ட வந்து திரும்பப் பாக்கேக்கதான் அதுக்குக் கீழ இன்னொண்டு கிடந்தது. பிள்ளை அவங்களுக்கு எழுதின பதில். மூண்டு வரி. எனக்கு மனப்பாடம். 'உங்கள் பதிலுக்கு நன்றி. இந்த விஷயமாக இனி இந்த முகவரிக்கு எழுத வேண்டாம். அவர் எனது மாமா, என்றைக்காவது வாசித்துவிடுவார்.'

பதினாலு வயசுப் பிள்ளை, தம்பி. அது எழுதினது ஓகஸ்ற் இருவத்தொன்பது. எனக்குக் காசு வந்தது செப்ரெம்பர் ரெண்டு. அப்ப அந்தக் காசு ஆரின்ர காசு? ஸ்ரோபெரிக் காசு. நகமெல்லாம் சிவப்பா... சைக்கிள் காசு. நான் அதுக்குத்தான் ரோல்ஸ் வாங்கிக் குடுத்து, சட்டத்தால அடிச்சு வாங்கினன் எண்டு புளுகினனான்.

அவளுக்குத் தெரியும் நான் ஒரு பொய்யன் எண்டு. பதினாலு வயசில இருந்து தெரியும். தெரிஞ்சுகொண்டு ஒவ்வொரு கோடைக்கும் வந்து 'மாமா, மாமா' எண்டு கட்டிப் பிடிப்பா. நான் சட்டம் சொல்லேக்க பக்கத்தில இருந்து 'ஓம், மாமா கெட்டிக்காரர்' எண்டுவா. தாய்க்கும் சொல்லேல்ல, தேப்பனுக்கும் சொல்லேல்ல. நான் மச்சானைப் பற்றி நினைச்சதையும் இப்ப நினைக்கிறன். 'வந்து பக்கத்தில நிண்டால் காணும்' எண்டுதானே அந்த மனுசன் சொன்னவர். நீர் அப்ப முழிச்சது சரிதான்.

நாளைக்கு ஒஸ்லோவில அவளுக்குக் கலியாணம். காலமை பாலறுகு வைச்சுத் தண்ணி வார்க்கிறது. அதுக்கும் மாமன்தான் வேணும். இந்தா பாரும், பெட்டி. திறந்து பாரும், பயப்பிடாதேயும். ஒரு பவுன்தான். ஆனால் பவுன். ஆறு மாசம் சனி ஞாயிறும் மேலதிகமா வேலை செய்து வாங்கினது, பற்றுச்சீட்டும் உள்ள கிடக்கு. அந்தக் கவரிங்கை எறிஞ்சிட்டன்.

சங்கிலியைக் குடுத்திடலாம். முகத்தை எங்க கொண்டுபோய் வைக்கிறது? அவள் தலையைக் குனிஞ்சுகொண்டு இருக்க நான் என்னெண்டு அதில தண்ணி வார்ப்பன்? எனக்குத் தெரியுமெண்டு அவளுக்கு இன்னும் தெரியாது. நான் வாய் திறக்கேல்ல. அந்தப் பிள்ளை மைக்கில நானூறு எண்டு சொன்னவுடன எனக்கு என்ன வந்தது தெரியுமே? காசாசை இல்லை. ஒரு நிம்மதி வந்தது. பாழாப்போன நிம்மதி! கை தூக்கினால் காணும், தங்கச்சிக்கு ரெலிபோன் எடுத்து, 'பிள்ளை, திரும்பவும் இறக்கிப்போட்டாங்கள்' எண்டு சொன்னால் காணும். நம்புவினம். அதுதான் நீர் எழும்ப முதல் நான் எழும்பிடுவனோ எண்டு உம்மைப் பிடிச்சு வைச்சுக் கதைக்கிறன். நீர் சும்மா ஊர் பாக்கத்தானே போறீர்? அப்ப கை தூக்கும், குற்றமில்லை. ஆனால் கொஞ்சம் பொறுத்து. நான் உள்ள போகுமட்டும் பொறும்.

திரும்பவும் அதிருது. ஆரெண்டு பாரும் தம்பி, எனக்கு எழுத்துத் தெரியாது கண்ணாடி இல்லாமல். சாருகாவோ. என்னவாம்? தமிழிலயோ எழுதியிருக்கிறா? சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம், ஏழாம் வகுப்பு வரைக்கும் போனவ. வாசியும்.

என்னது?

மெதுவா வாசியும். 'மாமா, இந்த முறை கை தூக்காதேங்கோ...' அப்பிடியோ எழுதியிருக்கு? உள்ளதைத்தானே வாசிக்கிறீர்? மிச்சத்தை வாசியும். '...எனக்கு ஒண்டும் வேண்டாம். நாளைக்கு நான் தலையைக் குனியேக்க நீங்கள் பக்கத்தில நிக்கவேணும்.'

ஒண்டுமில்லை. ஒண்டுமில்லைத் தம்பி, கண்ணைத் துடைக்க உம்மட லேஞ்சியைத் தாரும்.

வரிசையைக் கூப்பிடுறாங்கள் போல. என்ர பையை ஒருக்கா எடுத்துத் தாரும். பதில் போடட்டோ எண்டு கேக்கிறீரோ? போடும். 'மாமா ஏறிட்டார்' எண்டு போடும்.

இல்லை, பொறும். போடாதேயும். ஏறினாப் பிறகு போடுவம்.